அழிகிற பேனை

ஒட்டுப்போர்வை தைக்கத் தொடங்கிய முதல் வருடத்தில் எனக்குத் தையல் பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. கோடுதான் பிரச்சினையாக இருந்தது.

சின்னச் சின்னத் துணித் துண்டுகளைச் சதுரமாக வெட்டி ஒன்றோடொன்று தைத்துப் பெரிய விரிப்பாக்க வேண்டும். அதற்குக் கீழே பஞ்சு, பஞ்சுக்குக் கீழே இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்து மேலே ஒரு கோலத்தில் தைத்துக்கொண்டு போனால்தான் அது போர்வையாகும். அந்தக் கோலத்தை முதலில் துணியில் வரைய வேண்டும். தைக்கும்வரை கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். தைத்து முடிந்த பிறகு அப்படியொன்று இருந்ததாகவே தெரியக் கூடாது. இந்த இரண்டையும் செய்கிற ஒரு பொருள் எது? பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு இது அரை மணித்தியாலத்தில் தீர்க்கிற கேள்வி என்றுதான் நினைத்தேன்.

இந்த வேலையை நான் தனியாகத் தொடங்கவில்லை. என்னோடு படிப்பிக்கிற காரைதீவு டீச்சர் ஒருவரும் நானும் ஊரடங்குக் காலத்தில் கைபேசியில் ஒரே காணொளிகளைப் பார்த்துப் பழகினோம். அவர் தன் வீட்டிலும் நான் கல்முனையில் என் வீட்டிலுமாகத் தைத்து, படம் எடுத்து அனுப்பிக்கொள்வோம். துணிக்குக் குறையில்லை. மருதமுனையில் தறிக்காரர் வீடுகளில் சேலையும் சாறனும் நெய்து மிஞ்சும் துண்டுகளை உரப்பையில் கட்டி வைத்திருப்பார்கள். போய்க் கேட்டால் நமக்குப் பிடித்த நிறமாகப் பொறுக்கிக்கொள்ள விடுவார்கள். பஞ்சு, கதிரைக்கு மெத்தை தைக்கிற கடையில் கிடைக்கும். இந்த ஊர் வெக்கையில் போர்வை யாருக்கு என்று இரண்டு வீட்டிலும் கேட்டார்கள். கட்டிலுக்கு விரிப்பதென்று சொல்லிச் சமாளித்தோம்.

முதலில் பென்சிலால் வரைந்தேன். வெளிர் மஞ்சள் தலையணை உறையொன்றில் அந்தக் கோடு இன்றும் இருக்கிறது. எத்தனை தரம் கழுவினாலும் சாம்பல் நிறமாகச் சிரித்துக்கொண்டு கிடக்கும். பிறகு பள்ளிக்கூடத்து வெண்கட்டி. வரையும்போது நன்றாகத் தெரிந்தது. துணியை மடியில் வைத்து ஒரு மூலையைத் தைத்து முடிப்பதற்குள் மற்ற மூலையிலிருந்த கோடெல்லாம் என் உடுப்பில் ஒட்டிவிட்டது. காபன் தாளை வைத்துப் பல்லுச் சக்கரத்தை உருட்டிப் பார்த்தேன். அந்த நீலப் புள்ளிகளைப் பற்றிக் கதைக்காமல் விடுவது நல்லது.

இப்படியிருக்கும்போதுதான் கல்முனைக் கடைத்தெருவில், பாடசாலைச் சாமான் விற்கும் ஒரு கடையில், பிள்ளைகள் வாங்குகிற அழிகிற பேனையைக் கண்டேன். எழுதிவிட்டு அதன் பின்பக்கத்தால் தேய்த்தால் எழுத்து மறைந்துவிடும். தேய்க்கிற சூட்டில்தான் மறைகிறது, ஆகவே துணியில் வரைந்துவிட்டு அயன் பண்ணினால் போதும் என்று காணொளியில் ஒரு பெண் சொல்லியிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் துண்டொன்றில் பெரிதாக ஒரு வட்டம் வரைந்தேன். அயனை மெல்லத் தொட வைத்தேன். வட்டம் இல்லை! துணியைத் திருப்பிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இல்லவே இல்லை.

அடுத்த நாள் இடைவேளையில் காரைதீவு டீச்சருக்கு அதைக் காட்டினேன். அவர் துணியை மோந்துகூடப் பார்த்தார்.

"போனது எங்க போயிருக்கும் டீச்சர்?" என்று கேட்டார்.

"சூட்டுக்கு ஆவியாப் போயிரிக்கும்," என்றேன் நான், படிப்பிக்கிற குரலில்.

"எனக்கெண்டா நம்பிக்கை இல்ல. ஒரு சாமான் சும்மா இல்லாமப் போகாது," என்றார் அவர். அவருக்கு எந்தப் பேனையிலும் நம்பிக்கையில்லை. பெயின்ட் அடிக்கிறவர்கள் சுவரில் ஒட்டுகிற காகித டேப்பைத் துணியில் நேராக ஒட்டி, அதன் ஓரத்தைப் பிடித்துத் தைப்பதுதான் அவருடைய வழி. அதனால் அவருடைய போர்வைகளில் எல்லாம் நேர்கோடுகள். எனக்கோ வளைவுகள் வேண்டும்.

அந்த மாதங்களில் என் தங்கச்சி கனடாவில் இருந்தாள். கணவனுக்கு அங்கே மேற்படிப்பு. கூடப் போனவளுக்கு அது முதல் குளிர்காலம். தொலைபேசியில் கதைக்கும்போது அவளுடைய மூக்குச் சிவந்திருப்பது எனக்கு இங்கிருந்தே தெரியும். "வெளிய போனா காது கழண்டு விழுற மாதிரி இரிக்கி ராத்தா," என்பாள். போர்வை யாருக்கு என்ற கேள்விக்குக் கடைசியில் ஒரு பதில் கிடைத்தது.

மருதமுனைக்குப் போய் வெளிர் நிறங்களாகவே பொறுக்கினேன். பால் நிறம், இள மஞ்சள், வானம் மாதிரி நீலம். புதிய பேனையின் கோடு அவற்றில்தான் தெரியும். சதுரங்களை இணைத்து முடித்ததும், நடுவில் பெரிய வட்டம் வேண்டுமென்று கந்தூரிச் சாப்பாட்டுக்கு எடுக்கிற பெரிய சகன் தட்டைக் கவிழ்த்து வைத்து வரைந்தேன். அதைச் சுற்றி மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக வளைவுகள். அதற்குத் தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைக்கிற பீரிசு.

அழிந்துவிடும் என்ற தைரியம் ஒரு மனுசியை என்னவெல்லாம் செய்ய வைக்கும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பிழையாக வரைந்ததை அழிக்கவே மாட்டேன். அதன்மேல் சரியானதை வரைந்துவிட்டு, பழையதற்குப் பக்கத்தில் "பிழை" என்று எழுதிவிடுவேன். எங்கே தொடங்குவது, எங்கே நூல் மாற்றுவது, எந்தப் பக்கம் திரும்புவது என்று அம்புக்குறிகள். தைத்துக்கொண்டிருக்கும்போது ஏதாவது ஞாபகம் வந்தால் எழும்பிப் போய்க் கடுதாசி தேடுவதில்லை, துணியிலேயே எழுதிவிடுவேன். எல்லாம் முடிந்ததும் அயனைப் பிடித்து மேலிருந்து கீழாக ஒரு இழுவை. வயலில் தண்ணீர் ஏறுகிற மாதிரி வெறும் துணி முன்னேறிக்கொண்டு வர, அத்தனை கோடும் எழுத்தும் அதற்குள் காணாமற்போயின. உம்மா பக்கத்தில் நின்று பார்த்து, "சுப்ஹானல்லாஹ்" என்றார்.

போர்வையை மடித்துப் பொதி செய்து அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்த அன்று சுபஹுத் தொழுகை முடிந்து நான் அடுப்படியில் நின்றேன். அங்கே மாலை நேரம். தங்கச்சி காணொளி அழைப்பில் வந்தாள். அவளும் கணவனும் காலையில் வெளியே போய்விட்டதால், கொண்டுவந்தவர் பொதியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாள் முழுக்க அது பனியில் கிடந்திருக்கிறது.

"மாஷா அல்லாஹ், என்ன வடிவு ராத்தா! ஆனா ஒண்டு கேக்கணும். இதுல எழுதியிரிக்கிறதெல்லாம் டிசைனா?"

"எழுதியிரிக்கா? என்னத்தை?"

"இந்தா பாருங்க, வாசிக்கிறன்." அவள் கைபேசியைப் போர்வைக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "இங்க 'தொடங்கு' எண்டு இரிக்கி. இஞ்சால 'பிழை'. அதுக்குக் கீழ 'இதுவும் பிழை'. மறுகா ஒரு அம்புக்குறி, அந்தா வளைஞ்சு போகுது. இந்த மூலையில 'மாசிக் கருவாடு முடிஞ்சிட்டு, வாங்கணும்'."

நான் துருவிய தேங்காய்ப்பூவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். திரையில் எல்லாம் தெரிந்தது. சகன் வட்டம், பீரிசு வளைவு, சகனை ஒரு தரம் அசைத்துவிட்டதால் வந்த இரண்டாவது வட்டம், எல்லாமே. புதிதாய் எழுதியதுபோல் கறுப்பாக இல்லை, கொஞ்சம் சாம்பல் பூத்திருந்தது. ஆனால் ஒன்றும் விடுபடவில்லை. கல்யாண வீட்டில் உள்பாவாடையோடு நிற்கிற மாதிரி எனக்கு வெட்கமாக இருந்தது.

"அது டிசைன் இல்ல புள்ள. அது என்ட கணக்கு வழக்கு. அது எல்லாம் போயிட்டு, நான் அயன் பண்ணித்தானே அனுப்பினன்!"

"போகல்ல ராத்தா. என்னோட இங்க வந்து இரிக்கி." அவள் சிரிக்கத் தொடங்கினாள். அந்த நாட்டுக்குப் போனதிலிருந்து அவள் இப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நான் கேட்கவில்லை. "மறுகா மாசி வாங்கினீங்களா?"

அயனை எடுத்து ஒரு மூலையில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தாள். மாசி முடிந்த செய்தி மறைந்தது. அவள் கூவியதில் அவளுடைய கணவனும் ஓடிவந்து பார்த்தார். பிறகு அவள் என்னைக் கேளாமல் அந்த மூலையை வெளியே பல்கனிக் கம்பியில் போட்டுவிட்டு வந்தாள். நான் பாடசாலைக்குப் புறப்பட்டு வாசலுக்கு வந்தபோது படம் வந்தது. மாசி திரும்பி வந்திருந்தது.

வெட்கம் இரண்டாம் பாடவேளை வரைக்கும்தான் இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு வேறொன்றும் ஓடவில்லை. குளிருக்கு அது ஏன் திரும்பி வருகிறது? மை துணியை விட்டுப் போகவேயில்லையா? அப்படியென்றால் போய்விட்டது என்று நான் நினைத்த ஒவ்வொரு கோடும் இங்கே, அதே பேனையால் வரைந்து என் கட்டிலில் கிடக்கிற விரிப்பிலும், நான் காணாமலே இருக்கிறதா?

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேனையால் கோடு போட்டு அயன் பண்ணிய துண்டொன்றைப் பையில் சுற்றி ஃபிரீசருக்குள், பாரை மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். மறந்தும்போனேன். அடுத்த நாள் மீனெடுக்கப் போனவர் என் கணவர்.

"இஞ்ச, மீனுக்க என்ன சீலைத் துண்டு?"

"அது பரிசோதனை. வெளிய எடுக்காதீங்க!"

"மீனையா பரிசோதிக்கிற?"

"கோட்டை."

அவர் பையைத் திறந்துவிட்டார். கோடு வந்திருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன். கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவர் அவர். ஆணி, பூட்டு, பெயின்ட் தவிர வேறொன்றிலும் அவர் ஆர்வம் காட்டி நான் கண்டதில்லை. ஆனால் அன்றைக்கு அவரே அயனைச் சூடாக்கிக் கோட்டை அழித்தார். திரும்ப ஃபிரீசரில் வைத்தார். மீன் வெளியே மேசையில் உருகிக்கொண்டு கிடந்தது.

பிறகு தேடி வாசித்ததில் விளங்கியது. அந்த மை சூட்டில் ஆவியாவதில்லை, நிறத்தை மட்டும்தான் விடுகிறது. கடும் குளிர் பட்டால் நிறம் திரும்புகிறது. கல்முனையில் வாழ்நாள் முழுக்க அது வெளியே வராது. எங்கள் வீட்டில் அதற்கு வேண்டிய குளிர் ஃபிரீசரில் மட்டும்தான் உண்டு. "நான் சொன்னன்தானே," என்றார் காரைதீவு டீச்சர். அதைச் சொல்லிக் காட்ட அவருக்கு ஒரு வாரம் தேவைப்பட்டது. ஒவ்வொரு நாளும் சொன்னார்.

அந்த வார இறுதியில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இனிமேல் எந்தப் பொருளையும் சோதிக்காமல் துணியில் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தோம். வெளிர் நிறத் துணியிலும் கடும் நிறத் துணியிலுமாக நீளத் துண்டுகள் வெட்டி, எங்களிடமிருந்த ஒவ்வொன்றாலும் கோடு போட்டோம். கொழும்பிலிருந்து வரவழைத்த இரண்டு பேனைகளும் இருந்தன. நீலப் பேனையின் கோடு தண்ணீர் பட்டால் போகும், ஊதாப் பேனையின் கோடு காற்றிலேயே தானாகப் போகும் என்று உறையில் இருந்தது.

ஊதாக் கோடு எங்களை ஏமாற்றிவிட்டது. அது போகாமல் இருந்து ஏமாற்றவில்லை, பொறுத்திருக்காமல் ஏமாற்றியது. கோட்டைப் போட்டுவிட்டு பிளேன்டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது எந்தத் துண்டில் போட்டோம் என்று தேட வேண்டியிருந்தது. நாளுக்கும் கடல் காற்று வீசுகிற ஊர். காற்றில் ஈரம் கூடினால் அது வேகமாகப் போகுமாம். இதை வைத்துக்கொண்டு ஒரு செதில்கூடத் தைக்க முடியாது.

நீலக் கோடு தண்ணீரில் தொட்டதும் அழகாகக் கரைந்து போனது. ஆனால் டீச்சர் ஒரு துண்டைக் கழுவும் முன்பு அயன் பண்ணிவிட்டார். கோடு மண்ணிறமாக மாறி அங்கேயே குடியிருந்துவிட்டது. ஒன்றுக்குச் சூடுதான் மருந்து, மற்றதற்குச் சூடுதான் நஞ்சு. இரண்டு பேனையும் ஒரே மேசையில் கிடந்தால் ஒரு நாள் நிச்சயம் மாறிப்போகும் என்று எனக்குப் பயம் வந்தது.

அழிகிற பேனையைக் கடும் நிறத் துணியிலும் சோதித்தோம். அயன் பட்டதும் கறுப்புப் போனது. ஆனால் கோடு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தடம் நின்றது, கண்ணீர் காய்ந்த மாதிரி.

கடும் நிறத்துக்கு நான் நம்பியிருந்தது சவர்க்காரம். குளித்துத் தேய்ந்து மெல்லிய தகடாகிப் போன துண்டுகளைக் காயவைத்துச் சேர்த்திருந்தேன். கத்தரிப்பூ நிறச் சாறன் துண்டில் அது வெள்ளையாக, கூர்மையாக விழுந்தது. கழுவினால் போகும், எங்கேயும் ஒளிந்திருக்காது. துணிக்கு அது அந்நியமான சாமானும் இல்லை. குறையென்றால், கூர் சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி கத்தியால் சீவ வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் கடைக்குப் போய் ஒரு பை நிறையச் சாமானோடு வந்தார். தச்சர் பென்சில், பல நிறத்தில் டேப், மேசன்மார் சுவரில் நேர்கோடு போடுகிற நீலத் தூள் நூல்.

"நூல் அடிச்சுப் பாருங்களன்," என்றார். "முழு நீளத்துக்கும் ஒரே அடி. அடிமட்டமும் தேவல்ல."

நீலத் தூள் துணியை விட்டுப் போகாது என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு அறைக்குப் போய் முகத்துக்குப் பூசுகிற பவுடர் டின்னை எடுத்துவந்தார். தையல் நூலைப் பவுடரில் இழுத்து, ஒரு முனையை டீச்சரிடமும் மறுமுனையை என்னிடமும் தந்தார். கடும் பச்சைத் துணிக்கு மேலே நூலை இறுக்கிப் பிடித்தோம். அவர் நடுவில் நூலைத் தூக்கி விட்டார். டப்பென்று ஒரு அடி. மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு, துணியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை.

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். நான் அதுவரை எந்தக் கருவியாலும் போட்டதில் அதுதான் வடிவான கோடு. மூன்றாவது கோடு அடிக்கும்போது டீச்சர் தும்மினார், இரண்டு கோடு பறந்தது. நாலாவது அடித்ததும் உம்மா வெக்கையாக இருக்கிறதென்று வந்து ஃபேனைப் போட்டார்.

"இந்த வேலைக்கு ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கணும்," என்றார் டீச்சர்.

ஆனாலும் அவர் அந்த முறையை விடவில்லை. ஜன்னலைப் பூட்டி, நூலடித்த கையோடு அதன்மேல் பெரிய தையலாக ஓடவிட்டுப் பிடித்துக்கொண்டார். அவருடைய அடுத்த போர்வையில் குறுக்கு நெடுக்காகச் சாய்ந்த கோடுகள் வந்தன. நான் சவர்க்காரத்தோடு நின்றுவிட்டேன், வெளிர் துணிக்கு மட்டும் நீலப் பேனை. அழிகிற பேனையை மேசை லாச்சிக்குள் போடவில்லை, அயனுக்கும் துணிக்கும் கிட்ட வராத இடமாக, பாடசாலைப் பையில் வைத்தேன். பிள்ளைகளுக்குப் பௌதிக மாற்றம் படிப்பிக்கிற அன்று அதையும் ஐஸ் உப்புக் கலவையையும் கொண்டுபோனேன். அதுவரை என் பாடத்தில் தூங்கிய ஒரு பிள்ளைகூட அன்று தூங்கவில்லை.

தங்கச்சியின் போர்வைக்கு வழி சொல்லிவிட்டேன். எல்லாக் கோட்டையும் அயன் பண்ணி எடு, இனிமேல் வெளியே போடாதே என்றேன். ஓம் என்றாள். செய்யவில்லை. விருந்தாளிகள் வரும் நாளில் மட்டும் அயன் பண்ணுவாளாம். அவர்கள் போன பிறகு பல்கனியில் போட்டு எடுப்பாளாம். ஏன் என்று கேட்டேன்.

"ஒட்டு ஒட்டா நீங்க எப்பிடிப் போனீங்க எண்டு இதுல பாக்கலாம் ராத்தா. எனக்கும் தைக்கத் தெரிஞ்சிரும் போல இரிக்கி."

பகிடிக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பனி கரைந்த பிறகு ஒருநாள் அவள் ஒரு துணிக்கடைக்குள் நின்று அழைத்தாள். கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். ஒரு சுவர் முழுக்கத் துணியில் கோடு போடுகிற சாமான்கள்! நான் வாசலில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மெல்லக் காட்டு. அது என்ன, சக்கரம் வைச்ச மாதிரி?"

"உள்ளுக்கு வெண்கட்டித் தூளாம். உருட்டினா விழுமாம்."

"பக்கத்தில?"

"இது எலும்பாலயோ என்னவாலயோ செய்த கத்தி. மை இல்ல. அமத்தி இழுத்தா மடிப்பு விழுமாம், அதான் கோடு."

எனக்கு அந்தக் கடைக்குள் போய்விட வேண்டும் போலிருந்தது. எது வாங்கவென்று அவள் கேட்டாள். முன்பென்றால் உடனே சொல்லியிருப்பேன். உன் துணி என்ன நிறம், எதால் கழுவுவாய், அயன் எப்போது பிடிப்பாய் என்று நான் திருப்பிக் கேட்டேன். அவள் பொறுமையிழந்து, கடைக்காரர் சோதித்துப் பார்க்க வைத்திருந்த மஞ்சள் பென்சிலொன்றை எடுத்துத் தன் கறுத்த ஸ்காபின் ஓரத்திலேயே ஒரு கோடு போட்டாள்.

"வடிவாத் தெரியுது ராத்தா!"

"தெரியிறது பெரிசில்ல. வீட்ட போய்க் கழுவிப் பாரு."

அந்தக் கோட்டோடேயே பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். போய்க் கழுவிவிட்டுப் படம் அனுப்பினாள். பாதி போயிருந்தது.